வகுப்பு ஒன்றுகூடலுக்குப் போவதா, வேண்டாமா: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

நான் 1991-இல் சிங்கப்பூர்ப் பள்ளி ஒன்றில் உயர்நிலை ஒன்று, அதாவது ஏழாம் வகுப்பில், சேர்ந்தவள். எங்கள் ஆண்டு மாணவர்களின் ஒன்றுகூடலுக்கு 2014-இலும் 2024-இலும் ஆள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராக அழைத்தால், பாதிப் பேர் வருவதாகவும் சொல்வதில்லை, வரவில்லை என்றும் சொல்வதில்லை, கேள்விதான் கேட்கிறார்கள். பத்து ஆண்டு இடைவெளியிலும் கேள்விகள் மாறவில்லை. பிறகு என் தம்பி, அவன் மனைவி, அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் என்று மற்றவர்களும் தங்கள் பள்ளியின் அழைப்பைக் காட்டி அதே சந்தேகங்களைக் கேட்கத் தொடங்கினார்கள். வாய் வலிக்கச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்களில் ஏற்பாட்டாளரின் ஓரவஞ்சனை கொஞ்சம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் என்னதான் செய்வார்கள்?

சாப்பிடுவார்கள். அழைப்பில் ஆறரை மணி என்று போட்டிருப்பார்கள். ஆறரைக்கு ஏற்பாட்டாளரும் ஒரு சொத்து முகவரும் மட்டுமே இருப்பார்கள். ஏழேகாலுக்கு மேசைகள் நிறையும். முதல் அரைமணி நேரம் எங்கே வேலை, எந்தப் பேட்டையில் வீடு, எத்தனை பிள்ளைகள் என்று ஓடும். அது எல்லாருக்கும் சலிப்பான பகுதி. யாராவது பழைய வகுப்புப் படத்தை எடுத்து மேசைமேல் வைத்த பிறகுதான் கூட்டம் சூடுபிடிக்கும். 2024-இல் எங்கள் மேசையில் முக்கால் மணி நேரம் ஓடிய வழக்கு, சிற்றுண்டிச்சாலையில் மீ சியாம் நூடுல்ஸ் விற்ற கடை வாசலிலிருந்து எத்தனையாவது கடை என்பது. ஒருவர் கைதுடைக்கும் தாளில் வரைபடமே போட்டுக் காட்டினார். இன்னொருவர் பேனாவைப் பிடுங்கி அதைத் திருத்தினார்.

பிறகு குழுப்படம், சில இடங்களில் பள்ளிப் பாட்டு. ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு விளையாட்டு நடத்துபவர்களும் உண்டு. அந்த நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போய்விடுவது என் வழக்கம்.

எவ்வளவு செலவாகும்?

"தலைக்கு 50 வெள்ளி" என்று இருந்தால், பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைமேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி. 50 வெள்ளி 59 வெள்ளி 95 காசாகிவிடும். நாங்கள் 2014-இல் ஹோட்டலில் நடத்திப் பணம் வசூலிக்கத் திண்டாடினோம். 2024-இல் சமூக மன்றத்தில் அறை எடுத்து, உணவை வெளியிலிருந்து வரவழைத்தோம். தலைக்கு 28 வெள்ளி. சாப்பாடு ஹோட்டலைவிட நன்றாக இருந்தது.

பணம்தான் தடை என்றால் ஏற்பாட்டாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். எங்கள் கணக்கில் இரண்டு பேருக்கு மற்றவர்கள் கட்டினார்கள். அந்த இரண்டு பேர் யார் என்று பணம் கொடுத்தவர்களுக்கே தெரியாது.

போவதா வேண்டாமா என்று எப்படித்தான் முடிவு செய்வது?

வாட்ஸ்அப் குழுவைத் திறக்காமல், பழைய படத்தையும் பார்க்காமல், ஒரு தாளில் நீங்கள் பார்க்க விரும்பும் ஆட்களின் பெயரை எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும். வகுப்பு முழுவதையும் நினைத்துக்கொண்டு "போவதா" என்று யோசித்தால் முடிவு வராது. முப்பத்தெட்டுப் பேரையும் ஒருசேரப் பிடித்தவர் அன்றும் யாரும் இல்லை, இன்றும் இல்லை. "யாரைப் பார்க்க" என்று கேட்டால் பதில் உடனே வந்துவிடும், அல்லது வராது.

ஒரு பெயராவது விழுந்தால், அவருக்கு முதலில் செய்தி அனுப்புங்கள்: "நீ போகிறாயா?" அவர் போகிறார் என்றால் நீங்களும் போங்கள். ஒரு பெயர்கூட விழவில்லையா? அழைப்புக்கு நன்றி சொல்லிவிட்டு அந்தச் சனிக்கிழமையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் 2014-இல் எழுதியபோது மூன்று பெயர் வந்தது. அதில் ஒருத்தி என் தோழிகூட இல்லை. நூலகத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தவள். ஏன் அவள் பெயர் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அன்று அதிக நேரம் பேசியது அவளோடுதான்.

ஒரே ஓர் ஆளைப் பார்க்கத்தான் என்றால் அவரை மட்டும் தேக்காவில் காப்பிக்கு அழைத்துவிடலாமே?

தாராளமாக. அதுவே மேல். ஆனால் அந்தச் சூரியகாந்தி விதைக்காரியை நான் தனியாக அழைத்திருக்க முடியுமா? அழைத்தால் கடன் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பாள். நெருக்கமாகவும் இல்லாமல் அந்நியராகவும் இல்லாமல் இருந்தவர்களைப் பார்க்க ஒன்றுகூடலை விட்டால் வேறு வழி இல்லை.

சொல்லிக்கொள்ளும்படியான வேலையில் நான் இல்லை. போய் என்ன சொல்வது?

எனக்கு அதிகமாக வந்த கேள்வி இதுதான். 1990களில் சிங்கப்பூரில் வளர்ந்தவர்களுக்கு ஐந்து "சி" பாடம் தெரியும், ஆங்கிலத்தில் "சி" எழுத்தில் தொடங்கும் ஐந்து வெற்றி அடையாளங்கள்: கையில் ரொக்கம், கார், கடன் அட்டை, கொண்டோமினியம் வீடு, கேளிக்கை மன்ற உறுப்பியம். அந்த அளவுகோலை யாரோ மேசைமேல் வைத்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானதே. பத்தாம் ஆண்டு ஒன்றுகூடலில் வைக்கத்தான் செய்வார்கள். இருபத்தாறு வயதில் எல்லாருக்கும் நிரூபிக்க ஏதோ ஒன்று இருக்கிறது.

முப்பதாம் ஆண்டில் நிலைமை வேறு. எல்லாருக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பாதிப் பேர் ஒருமுறையாவது ஆட்குறைப்பைப் பார்த்தவர்கள். பேச்சு பெற்றோரின் டயாலிசிஸ், முழங்கால் வலி, பிள்ளையின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு என்று போய்விடுகிறது. இருந்தாலும் ஒருவரிப் பதில் ஒன்றை வீட்டிலேயே தயார்செய்துகொள்ளுங்கள். "இப்போது தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறேன். நீ உட்லண்ட்ஸில்தானே இருந்தாய்?" என்று பதிலும் கேள்வியுமாகச் சொல்லிவிட்டால், கேட்டவர் தன் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். மனிதர்களுக்குத் தங்களைப் பற்றிப் பேசுவதில் உள்ள ஆசையை நம்பலாம்.

நான் வழக்கநிலை மாணவன். இதையெல்லாம் நடத்துவது விரைவுநிலைக்காரர்கள். எனக்கு அங்கே என்ன வேலை?

தெரியாதவர்களுக்கு: அப்போது தொடக்கப்பள்ளி முடிவில் மதிப்பெண்ணைப் பார்த்து மாணவர்களை விரைவுநிலை, அதைவிட மெதுவாகப் போகும் வழக்கநிலை என்று பிரித்துவிடுவார்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் முன் நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2014-இல் அழைப்பை எழுதியது நான். "1994 உயர்நிலை நான்கு மாணவர்களின் இருபதாம் ஆண்டு ஒன்றுகூடல்" என்று எழுதினேன். விரைவுநிலைக்காரர்கள் நான்காம் ஆண்டில் பள்ளியிறுதியான சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) எழுதிவிட்டுப் போனார்கள். வழக்கநிலையில் பலர் உயர்நிலை ஐந்து படித்து 1995-இல்தான் அந்தத் தேர்வை எழுதினார்கள். அவர்கள் கண்ணுக்கு அந்த அழைப்பு "இது உங்களுக்கு இல்லை" என்று பட்டது. இரண்டு வகுப்பிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. எனக்கோ அவர்களுக்கு ஆர்வமில்லை என்று தோன்றியது. ஆறு மாதம் கழித்து, செராங்கூன் சாலையில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது பழைய தமிழ் வகுப்புத் தோழன் ஒருவன் சொல்லித்தான் உறைத்தது.

2024-இல் "1991-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த அனைவரும்" என்று மாற்றி எழுதினோம். பதினாறு பேர் வந்தார்கள். உங்களுக்கு வந்த அழைப்பில் ஆண்டு எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் ஏற்பாட்டாளரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அது திமிராக இருக்காது, என்னைப் போன்ற கவனக்குறைவாகவே இருக்கும்.

ஆனாலும் கசப்பு கசப்புதான். 1979-இல் வெளியான, அமைச்சர் கோ கெங் சுவீ தலைமையிலான குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து வந்த தரம்பிரிப்பு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்துதான் அந்தப் பெயர்கள் எடுக்கப்பட்டன. பன்னிரண்டு வயதில் ஒட்டிய சீட்டை நாற்பத்தேழு வயதிலும் யாராவது படித்துக் காட்டுவார்களோ என்று நினைப்பவரிடம் "அதெல்லாம் பழைய கதை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் பக்கத்து வகுப்பிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்வேன். தனியாக வந்து ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்.

என் நிறத்தைச் சொல்லி நான்கு ஆண்டு கேலி செய்தவர்கள் அங்கே இருப்பார்கள். அவர்களோடு நான் ஏன் சிரித்துப் பேச வேண்டும்?

பேச வேண்டியதில்லை. இதை என்னிடம் முதலில் கேட்டவர் இன்றுவரை எந்த ஒன்றுகூடலுக்கும் வரவில்லை. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நாற்பது பேர் வகுப்பில் ஓரிரு தமிழ்ப் பிள்ளைகளாக உட்கார்ந்தவர்களுக்கு, விளக்கை அணைத்தால் பல் மட்டும் தெரியும் என்ற நகைச்சுவையும், தேங்காயெண்ணெய் வாசத்துக்கு மூக்கைப் பொத்தியதும் மறக்காது. "அப்போது எல்லாரும் விளையாட்டாகத்தானே சொன்னோம்" என்று ஏற்பாட்டாளரே சொன்னால், அவரோடு மேற்கொண்டு பேச்சை வளர்க்காதீர்கள்.

போக நினைத்தால், மன்னிப்புக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். உயர்நிலை இரண்டில் ஒருவன் என் மேசையில் முகப்பவுடர் டப்பா ஒன்றை வைத்தான், வகுப்பே சிரித்தது. 2014-இல் அவன் ஒரு தட்டு சாத்தேயோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இவள் கணக்கு வீட்டுப்பாடத்தைக் காட்டியிருக்காவிட்டால் நான் தேறியே இருக்க மாட்டேன்" என்று மேசை முழுவதற்கும் சொன்னான். உண்மையாகவே நன்றியோடு சொன்னான். பவுடர் டப்பா அவன் நினைவில் இல்லவே இல்லை. நானும் நினைவூட்டவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று இப்போதும் தோன்றும்.

யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பழைய பட்டப்பெயரால் யாராவது அழைத்தால் உங்கள் பெயரை ஒருமுறை சொல்லுங்கள். இரண்டாம் முறையும் அழைத்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பாதிப் பேரின் பெயர் மறந்துவிட்டது. அசிங்கமாகிவிடாதா?

அவர்களுக்கும் உங்கள் பெயர் மறந்திருக்கும். "முகம் நினைவிருக்கிறது, பெயர் நழுவிவிட்டது" என்று சொல்லிவிடுங்கள்.

எங்கள் வகுப்பில் எல்லாரும் சீனர்கள், இரண்டு மலாய்க்காரர்கள். தமிழ் வகுப்புக்காரர்கள் மட்டும் தனியாகக் கூடலாமா?

கூடலாம். சொல்லப்போனால் பலருக்குப் "பள்ளி நண்பர்கள்" என்றாலே தமிழ் வகுப்புதான். தாய்மொழிப் பாட நேரத்தில் நான்கைந்து வகுப்புகளிலிருந்து பத்துப் பதினைந்து பேர் ஓர் அறையில் சேர்வோம். விரைவுநிலை, வழக்கநிலை எல்லாம் கலந்த ஒரே அறை எங்களுக்கு அதுதான். பள்ளியில் தமிழ் இல்லாதவர்கள் பிற்பகலில் பஸ் ஏறித் தமிழ்மொழி நிலையத்துக்குப் போனார்கள். தமிழிலேயே எல்லாப் பாடமும் நடத்திய கடைசிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அந்தப் பெயரைத் தாங்கித்தான் மறு ஆண்டு உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் வந்தது. அங்கே படித்தவர்களுக்குப் பல பள்ளிகளிலும் நண்பர்கள். அவர்களின் ஒன்றுகூடல்கள் இன்னும் கலகலப்பானவை.

எங்கள் தமிழ் வகுப்புக்குப் பதினொரு பேர். ரேஸ்கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டோடு ஆண்டுக்கு ஒருமுறை முடித்துக்கொள்கிறோம். இரண்டையும் ஒரே மாதத்தில் வைக்காதீர்கள். ஒன்றுக்கு வந்தவர் மற்றதற்கு வரமாட்டார்.

நாங்கள் சைவம். போனால் பழத்தைத் தின்றுவிட்டு வர வேண்டியதுதானா?

முன்கூட்டியே சொன்னால் உணவு வரும். சொல்லாமல் வந்தால் பழம்தான். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை: ஹலால் உணவகமாகப் பார்த்துவிட்டுச் சைவத்துக்குத் தனியாகச் சொல்லிவையுங்கள். நோன்பு மாதத்தில் வைத்தால் முஸ்லிம் நண்பர்கள் ஏழு மணி தாண்டும்வரை தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. புரட்டாசியில் வைத்தால் நம்மவர்களில் பலர் இறைச்சியைத் தொடமாட்டார்கள்.

எங்கள் தமிழாசிரியர் வருவார் என்றால்தான் வருவேன். வருவாரா?

2014-இல் எங்கள் ஐயா வந்தார். ஹோட்டல் அறையில் நின்றபடி, தாளைப் பார்க்காமல் வருகைப்பதிவு எடுத்தார். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர்கள் "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நின்றோம். பதினொரு பெயரில் ஒன்றை விட்டுவிட்டார். விடுபட்டவன் தானாகவே "உள்ளேன்" என்றான். 2024-இல் அவரால் வர முடியவில்லை. நான்கு பேர் தோ பாயோவில் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஆசிரியருக்காகத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றுகூடலுக்குக் காத்திராதீர்கள். இரைச்சலான அறையில் பத்து மணிவரை உட்கார அவர்களால் முடியாது. அவர் இன்னும் பள்ளியில் இருந்தால், செப்டம்பரின் முதல் வெள்ளி ஆசிரியர் தினம். அன்று பள்ளி விடுமுறை, கொண்டாட்டம் முந்தைய நாள். பழைய மாணவர்கள் அப்போது போய்ப் பார்ப்பது வழக்கம். பள்ளியில் கேட்டுக்கொண்டு போங்கள்.

கணவரையோ மனைவியையோ அழைத்துப் போகலாமா?

அழைப்பில் சொல்லியிருந்தால் போகலாம். ஆனால் அந்த மீ சியாம் கடை விவாதத்தை வெளியாள் ஒருவர் முக்கால் மணி நேரம் கேட்பதை நினைத்துப் பாருங்கள். பாவம்.

உயர்நிலை மூன்றில் எனக்குக் கடிதம் கொடுத்தவர் வருவார் போலிருக்கிறது. போவது முறையா?

தாளில் பெயர் எழுதச் சொன்னேனே, அதில் அவர் பெயர் முதலில் விழுந்ததா? விழுந்திருந்தால், போவதை வீட்டில் மறைக்க வேண்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மறைக்கவேண்டியிருந்தால் போகாதீர்கள். மற்றபடி முன்வழுக்கையும் மூக்குக்கண்ணாடியுமாக அவர் வந்து நின்றதும் பாதிக் கவலை தானாகத் தீர்ந்துவிடும்.

காப்புறுதி விற்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள் என்கிறார்களே?

சிலர் அதற்காகவே வருவார்கள். சீக்கிரம் வந்துவிடும் சொத்து முகவரைப் பற்றி மேலே சொன்னேன். அவர் நல்லவர், கைநிறைய அட்டை கொடுப்பார், அவ்வளவுதான். "இங்கே வேண்டாம், பிறகு பேசுவோம்" என்றால் விட்டுவிடுவார்கள்.

மெய்யான ஆபத்து வேறு. புதிய எண்ணிலிருந்து ஒருவர் அழைத்து, "நான் யார் என்று கண்டுபிடி பார்க்கலாம்" என்பார். நீங்கள் ஏதாவது ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயரையே ஏற்றுக்கொள்வார். சில நாள் கழித்து அவசரமாகக் கடன் கேட்பார். நண்பர்போல் நடிக்கும் இந்த மோசடியைப் பற்றிக் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. ஒன்றுகூடல் நேரத்தில் பழைய நண்பர் அழைப்பது இயல்பாகத் தோன்றுவதால் ஏமாறுவது எளிது. பெயரை நீங்கள் சொல்லாதீர்கள், அவர் சொல்லட்டும். சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். எனக்குத் தொல்லை தந்தவர்கள் வராதவர்கள் அல்லர், பதில் சொல்லாதவர்கள்தான். உணவுக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டும். "இம்முறை வர இயலவில்லை. எல்லாரையும் கேட்டதாகச் சொல்" என்பது போதும். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. பொய்க்காரணம் மட்டும் வேண்டாம். சிங்கப்பூர் சின்ன ஊர், அதே சனிக்கிழமை அதே கடைத்தொகுதியில் பார்த்துவிடுவார்கள்.

போன பிறகு பிடிக்கவில்லை என்றால்?

சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். யாருடைய காரிலும் ஏறிப் போகாதீர்கள். அவர் எழும்வரை நீங்களும் எழ முடியாது. எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கமாக இருந்தால் நல்லது. ஆனால் ஒன்பது மணிக்கே "கடைசி ரயில்" என்று சொல்லாதீர்கள். அது நள்ளிரவை ஒட்டித்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவு சொல்கிறாயே, நீ ஒருமுறையாவது போகாமல் இருந்திருக்கிறாயா?

இருந்திருக்கிறேன். எங்கள் முதல் ஒன்றுகூடல் 2004-இல் புகிஸில் ஓர் உணவகத்தில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு சார்ஸ் பரவியபோது நான் வேலைபார்த்த பயண நிறுவனத்தில் ஆட்குறைப்பு. அதன் பிறகு நிலையான வேலை கிடைக்கவில்லை. மேலே சொன்ன ஒருவரிப் பதில் அப்போது எனக்குத் தெரியாது. ரயில் நிலையத்திலிருந்து மேலே வந்து உணவகத்தின் கண்ணாடிக்கு வெளியே சற்று நேரம் நின்றேன். உள்ளே ஏழெட்டுப் பேர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய் ரயிலேறிவிட்டேன். வீட்டில் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

2024-இல் எல்லாரும் போன பிறகு சமூக மன்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். தமிழ் வகுப்பில் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள் கையில் இரண்டு நாற்காலியோடு நின்று, "புகிஸில் ஒருமுறை கண்ணாடிக்கு வெளியே நின்றாயே, மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு. நான் கையசைத்தேன், நீ பார்க்கவில்லை" என்றாள்.